போட்டோக்காரர் கொச்சிக்குப் போனால் என்ன?

எங்கள் தேவாரத்தில் மன்னிக்க முடியாத குற்றங்கள் என்று அதிகம் கிடையாது. குடிப்பவனை மன்னிப்பார்கள், "பாவம், மலைக் குளிரிலே பழகிப் போச்சு" என்பார்கள். சீட்டாடி மனைவியின் நகையைத் தொலைத்தவனையும் மன்னிப்பார்கள். "ஏலக்காய் விலை விழுந்த வருஷம், மனுஷன் என்ன செய்வான்?" என்று அவனுக்காக வக்காலத்து வாங்கவும் ஆள் உண்டு. தம்பியின் வரப்பை வெட்டியவன் அடுத்த திருவிழாவுக்கே தலைக்கட்டு வரி வசூலிக்கக் கிளம்பிவிடுவான்.

ஆனால் ஒரு குற்றத்துக்கு மட்டும் மன்னிப்பே கிடையாது. லாபமில்லாத ஒரு காரியத்தில் ஒரு மனிதன் மனசாரச் சந்தோஷப்படுவதுதான் அது.

இந்தக் குற்றத்தைச் செய்தவர் என் நண்பர் ஒருவர். போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். பெயரைச் சொன்னால் அவருக்கு இன்னொரு தொல்லை சேரும். ஆகவே போட்டோக்காரர் என்றே சொல்கிறேன். காதுகுத்து, பூப்பு நீராட்டு, கல்யாணம், கருமாதி எல்லாவற்றுக்கும் அவர்தான். முப்பது வருஷங்களாக ஊரின் முகங்கள் எல்லாம் அவர் பெட்டியில் இருக்கின்றன. அவர் ஒருவரிடமும் கடன் சொன்னதில்லை. வெற்றிலைகூடப் போடுவதில்லை. அவருடைய ஒரே கெட்ட பழக்கம் இது: கொச்சியில் நவீன கலைவிழா நடக்கும் பருவம் வந்தால் கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு நான்கு நாள் போய்விடுவார். 2019-ல் சென்னையில் போட்டோ பைன்னாலே நடந்தபோது சேப்பாக்கத்து செனட் ஹவுஸில் போய் நின்றார். பெங்களூரில் 2016-ல் தொடங்கிய 'எக்கோஸ் ஆஃப் எர்த்' என்ற மின்னிசை விழாவுக்கும் ஒரு முறை போய் வந்தார். பழைய இரும்பையும் கழிவுச் சாமான்களையும் கொண்டு பிராணிகள் உருவத்தில் கட்டிய மேடைகளைப் பற்றி ஒரு மாதம் பேசிக்கொண்டிருந்தார்.

ஊர் சிரித்தது. நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பின் விலையைச் சொல்லுகிறேன். அவருக்கு ஒரு பெண். பி.காம். படித்துவிட்டுப் போடியில் ஓர் ஏலக்காய் வியாபாரியிடம் கணக்கு எழுதுகிறாள். கம்பம் பக்கத்திலிருந்து ஒரு நல்ல இடம் வந்தது. ஜாதகம் பொருந்திவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பேர் என்னிடம் விசாரிக்க வந்தார்கள். நான் புத்தகம் எழுதுகிறவனாம். ஆகையால் பொய் சொல்ல மாட்டேனாம். அவர்கள் நாவல் படிப்பதில்லை என்பதை இதிலிருந்தே தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

"பெண்ணோட அப்பா அடிக்கடி கொச்சிக்குப் போறாராமே? பெங்களூர்ல ராத்திரி ஆட்டத்துக்கெல்லாம் போயிருக்காராமே? என்ன சங்கதி?" என்று கேட்டார்கள்.

நான் ஒரு சாமர்த்தியம் செய்வதாக நினைத்து, "ஆமாம், அதிலே கொஞ்சம் கிறுக்கு. மற்றபடி தங்கமான மனுஷன்" என்றேன். அவர்கள் சிரித்தார்கள், காப்பியைக் குடித்தார்கள், விடை பெற்றுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அந்த இடத்திலிருந்து தகவலே வரவில்லை.

ஒரு மாதம் கழித்து அந்தப் பெண்ணைப் பஸ் நிலையத்தில் பார்த்தேன். கோபமில்லை, கண்ணீரில்லை. சாதாரணமாகச் சொன்னாள்: "பெரியப்பா, எங்க அப்பா குடிக்கிறவரா இருந்திருந்தா, அவங்க உங்ககிட்ட விசாரிக்கவே வந்திருக்க மாட்டாங்க."

இந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். பதில் சொல்ல வேண்டியவன் நான் மட்டும் அல்ல. அண்மையில் ஓர் இலக்கியக் கூட்டத்தில் ஒரு பெரியவர், "பைன்னாலே என்பது வயிறு நிறைந்தவர்களின் திருவிழா; சாமானியனுக்கு அங்கே என்ன வேலை?" என்று முழங்கினார். கைதட்டல் மண்டபத்தை நிறைத்தது. ஊர்க்காரர்கள் சொல்லும்போது அது வெறும் வம்பு. இலக்கியவாதி சொல்லும்போது அது கொள்கையாகிவிடுகிறது! ஆகவே குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, இது பணக்காரர் விளையாட்டு என்பது.

வெனிஸ் நகரத்தில் 1895-ல் ஆரம்பித்த கலைவிழாவைப் பார்த்து உலகத்தில் பல ஊர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒரு விழா என்று தொடங்கின. கொச்சி-முசிறி பைன்னாலே 2012-ஆம் வருஷம் டிசம்பர் 12-ந் தேதி பிறந்தது. போஸ் கிருஷ்ணமாச்சாரி, ரியாஸ் கோமு என்ற இரண்டு ஓவியர்கள் அதை நடத்திக் காட்டினார்கள். கோட்டைக் கொச்சியில் அவர்கள் பிடித்த இடம் என்ன தெரியுமா? ஆஸ்பின்வால் ஹவுஸ். 1867-ல் ஓர் ஆங்கிலேய வியாபாரி நிறுவிய கம்பெனியின் கிட்டங்கி. மிளகும் இஞ்சியும் மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் மரமும் அடைந்து கிடந்த இடம். பக்கத்தில் இன்னொரு காட்சியிடத்துக்கு மிளகு வீடு என்றே பெயர். விழாவின் பெயரில் உள்ள முசிறியோ சங்கப் புலவர்கள் பாடிய முசிறி. யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய துறைமுகம்.

மலைச் சரக்கு மூட்டை மூட்டையாக இறங்கிய கிட்டங்கியில் இன்று சித்திரமும் சிற்பமும் இருக்கின்றன. அங்கே நுழைய யாருக்கு உரிமை அதிகம்? லண்டனிலிருந்து வருகிறவருக்கா? ஏலக்காய் நெடியிலேயே பிறந்து வளர்ந்த போடிக்காரனுக்கா? முதல் முறை உள்ளே போனபோது சுவரை மோந்து பார்த்ததாகப் போட்டோக்காரர் என்னிடம் சொன்னார். "நம்ம ஸ்டோரு மாதிரியே இருந்துச்சுண்ணே" என்றார். அந்த விழாவைப் பற்றி நான் படித்த விமரிசனங்களில் இதைவிட நல்ல வாக்கியத்தைக் காணவில்லை.

செலவு என்கிறீர்களா? போடியிலிருந்து பஸ். போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு. பிறகு மூணாறு, அடிமாலி, கோதமங்கலம், கொச்சி. ஒரு சின்ன லாட்ஜில் கட்டில். காலையில் புட்டும் கடலையும். இதை ஊதாரித்தனம் என்கிறவர்கள் பேரன் காதுகுத்துக்குச் சந்துக்குச் சந்து பிளெக்ஸ் கட்டுகிறவர்கள். அந்தப் பிளெக்ஸில் தாத்தாவுக்குக் கூலிங் கிளாஸ் மாட்டிக் கொடுத்தவரும் இந்தப் போட்டோக்காரர்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விடியுமுன் எங்கள் பக்கத்திலிருந்து ஜீப் ஜீப்பாக ஆண்களும் பெண்களும் ஏலத் தோட்ட வேலைக்கு மலை ஏறுகிறார்கள். நெருக்கியடித்து உட்கார்ந்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அதை ஒருவரும் ஆச்சரியமாகப் பார்ப்பதில்லை. கூலிக்காக மலை ஏறினால் கடமை. கண்ணுக்காக மலை ஏறினால் மட்டும் கிறுக்கா? ஏழைக்குச் சோறு போதும், மற்றதெல்லாம் நமக்கு என்று நினைக்கிறவர்தான் 'சாமானியனுக்கு அங்கே என்ன வேலை' என்று கேட்பார். அவர் சாமானியனுக்காகப் பேசவில்லை. சாமானியனுக்கு வாசற்கதவைச் சாத்துகிறார்.

இரண்டாவது, புரியாது என்பது.

இதற்கு நான் ஒரு சம்பவத்தைத்தான் சொல்ல முடியும். 2016 டிசம்பரில் ஆரம்பித்த மூன்றாவது விழாவில் சீலி தேசத்துக் கவிஞர் ராவுல் ஸூரித்தா ஒரு காரியம் செய்திருந்தார். ஆஸ்பின்வால் ஹவுஸின் ஒரு நீண்ட கிட்டங்கி முழுவதும் கடல் தண்ணீரைக் கட்டி நிறுத்திவிட்டார். பார்க்க வருகிறவர்கள் செருப்பைக் கழற்றி, துணியைத் தூக்கிக்கொண்டு, தண்ணீருக்குள் நடக்க வேண்டும். இரு பக்கத்துச் சுவர்களிலும் சில கேள்விகள். கோடியில் உள்ள சுவரில் ஒரு கவிதை. 'வேதனைக் கடல்' என்று அதற்குப் பெயர்.

2015 செப்டம்பரில் துருக்கிக் கடற்கரையில் குப்புறக் கிடந்த சிரியா தேசத்துக் குழந்தையின் படத்தை உலகம் முழுவதும் பார்த்தது. ஆலன் குர்தி என்று அவன் பெயர். அதே படகில் அவனுடைய தாயும், அண்ணன் காலிபும் மூழ்கிப் போனார்கள். தம்பியின் படம் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. அண்ணன் செத்துக் கிடந்ததை யாரும் படமெடுத்து உலகத்துக்குக் காட்டவில்லை. ஸூரித்தா கடல் தண்ணீரைக் கட்டி வைத்தது அந்த அண்ணனுக்காக.

போட்டோக்காரருக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான் தெரியும். பக்கத்தில் நின்ற ஒரு காலேஜ் பையன் அர்த்தம் சொன்னானாம். ஊருக்குத் திரும்பி வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து என்னிடம் சொன்னார்: "தம்பிய உலகமே பாத்துச்சுண்ணே. அண்ணங்காரனுக்கு ஒரு படம் இல்ல. படம் இல்லாத பயலுக்காக ஒருத்தர் கடலையே கொண்டாந்து ரூமுக்குள்ள வச்சிருக்காரு. நான் கரையேற மாட்டாம அங்கயே நின்னுட்டேன்."

அவர் ஏன் நின்றார் என்று எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் தோட்டத்துக்குப் போன ஒருவர் திடீரென்று காலமாகிவிட்டால் வீட்டில் மாலை போட ஒரு படம் இருக்காது. ரேஷன் கார்டையோ அடையாள அட்டையையோ எடுத்துக்கொண்டு வீட்டார் இவரிடம்தான் ஓடி வருவார்கள். ஒரு தாய், மகனுடைய பள்ளிக்கூடக் குரூப் போட்டோவைக் கொண்டு வந்தாள். பின் வரிசையில் பாதி முகம். மீதிப் பாதியை முன்னால் நின்றவன் மறைத்திருந்தான். மூன்று ராத்திரி உட்கார்ந்து இவர் அந்த மறு பாதியை உண்டாக்கிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. படமில்லாமல் சாவது என்றால் என்ன என்பதை அந்த விழாவுக்கு வந்த எந்தப் பண்டிதரைக் காட்டிலும் நன்றாக அறிந்தவர் எங்கள் போட்டோக்காரர். அவருக்குப் புரியாது என்கிறார்கள்! அன்று அந்தத் தண்ணீரில் நின்றவர்களில் அவரைப்போல் புரிந்துகொண்டவர் எத்தனை பேர் என்று நான் கேட்கிறேன்.

மூன்றாவது, மெஷின் சங்கீதம் ஒரு சங்கீதமா என்பது.

இது ஸபா ரஸிகர்களின் கேள்வி. இவர்களுடைய அபிமான வித்வான் மேடையில் உட்கார்ந்ததும் பக்கத்தில் என்ன வைக்கிறார் என்று பார்த்திருக்கிறார்களா? ஒரு சின்னப் பெட்டி. குமிழைத் திருகியதும் 'ரொய்ங்' என்று சுருதி கிளம்புகிறது. பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் 1979-ல் மின்னணுத் தம்பூராவை உண்டாக்கிக் கொடுத்தார். அது வந்த பிறகு பல மேடைகளில் தம்பூராப் போட ஆளே இல்லை. அதுவும் மின்சாரத்தில் பிறந்த நாதம்தானே? ஸன்னதியில் தீபாராதனை ஆகும்போது மணியும் பறையும் சேகண்டியும் சேர்ந்து முழங்குகின்றன. எட்டிப் பாருங்கள்; அங்கே மேளக்காரர் இல்லை, மோட்டார் இருக்கிறது! அந்த மின்சார மேளத்துக்குக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்கள் பெங்களூர் மின்னிசையைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்கிறார்கள்.

மேளக்காரர் பிழைப்பை மோட்டார் கெடுத்தது என்று வருத்தப்படுங்கள். நானும் சேர்ந்து வருத்தப்படுகிறேன். ஆனால் மின்சாரத்தைக் கொண்டு மனிதன் புதிதாக ஒரு நாதத்தைத் தேடுவது வேறு விஷயம். அந்தத் தேட்டம் நமக்கு நேற்று வந்ததும் அல்ல. ஆமதாபாத்தில் தேசிய டிசைன் கழகத்தில் 1969-லேயே ஒரு மின்னிசைக் கூடம் அமைந்தது. டேவிட் டியூடர் என்ற அமெரிக்க இசைக் கலைஞர் வந்து மூக் ஸிந்தஸைஸரை நிறுவிக் கொடுத்தார். கீதா ஸாராபாய் போன்றவர்கள் அதில் ஒலிகளைப் படைத்தார்கள். அந்தக் கீதா ஸாராபாய்தான் 1946-ல் நியூயார்க்கில் ஜான் கேஜ் என்ற பிரசித்தமான இசைப் புரட்சிக்காரருக்கு நம் சங்கீதத்தைப் பற்றிப் பாடம் சொன்னவர். அந்தக் கூடத்து நாடாக்கள் வெகு காலம் யாரும் தொடாமல் கிடந்து, 2023-ல் இசைத்தட்டாக வெளிவந்தன. ஸோனார் என்று உலகம் கொண்டாடும் மின்னிசை விழா பார்ஸலோனா நகரில் தொடங்கியதே 1994-ல்தான். நாம் முந்தியவர்கள், முந்தியதை மறந்தவர்களும் நாமே.

ஆமதாபாத் தூரம் என்றால் பண்ணைப்புரம் இருக்கிறதே! தேவாரத்திலிருந்து சில மைல். அங்கே பிறந்த இளையராஜா 1986-ல் 'புன்னகை மன்னன்' படத்தில் கணிப்பொறி இயக்கும் இசைக் கருவியைக் கையாண்டபோது ஊரே காலரைத் தூக்கி விட்டுக்கொண்டது. பக்கத்து ஊர்க்காரர் கை வைத்தால் பெருமை. அடுத்த தெரு போட்டோக்காரர் காது கொடுத்தால் கேலி. இது என்ன நியாயம்?

இன்னும் ஒன்று. கொச்சி விழா பிறந்த அன்றிரவு, 2012 டிசம்பர் 12-ல், பாட வந்தவர் யார்? எம்.ஐ.ஏ. என்று உலகமெல்லாம் அறிந்த மாயா அருட்பிரகாசம். யாழ்ப்பாணத்தில் குழந்தைப் பருவத்தைக் கழித்து, யுத்தத்துக்குத் தப்பி லண்டனுக்கு அகதியாகப் போன தமிழ்ப் பெண். கலைக் கல்லூரியில் படித்தவர்; மின்னிசையில் பெயர் வாங்கியவர். 2007-ல் வெளிவந்த, தம் தாயார் பெயரையே சூட்டிய 'கலா' என்ற இசைத் தொகுப்புக்காகச் சென்னைக்கு வந்து உறுமி முழக்கத்தைப் பதிவு செய்துகொண்டு போனார். அதே உறுமி! எங்கள் பக்கத்துக் கோயில் கொடைகளில் சாமியை இறக்குகிற அதே வாத்தியம். அது மெஷினுக்குள் புகுந்து உலகத்தைச் சுற்றி, மலைக்கு அந்தப் பக்கம் வந்து முழங்கியது. கேட்டு ஆடியவர்கள் அதை வெள்ளைக்காரச் சங்கீதம் என்று நினைத்திருக்கலாம். எங்கள் ஆள் கூட்டத்தின் நடுவில் நின்று, "இது நம்ம உறுமிக்காரன் அடியில்ல!" என்றாராம்.

நான்காவது குற்றச்சாட்டு, டிசைன் என்பது சீமான்களின் நாற்காலி மேஜை விவகாரம் என்பது. இதற்கு அதிகம் பேச வேண்டாம். 1958-ல் நம் சர்க்கார் அழைத்ததன் பேரில் சார்லஸ் ஈம்ஸும் அவர் மனைவி ரேயும் தேசமெல்லாம் சுற்றிவிட்டு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். நம் நாட்டில் தாங்கள் கண்டு வியந்த பொருள்களில் தலையாயது என்று அவர்கள் சொன்னது தாஜ்மஹாலை அல்ல, தண்ணீர்ச் செம்பை! அதன் கழுத்து, வயிறு, கனம், கைக்கு அடங்கும் பாங்கு எல்லாவற்றையும் எண்ணி எண்ணி வியந்தார்கள். அந்த அறிக்கையின் விளைவாகத்தான் ஆமதாபாத் கழகமே 1961-ல் பிறந்தது. போடியில் எட்டு மில்லிமீட்டர் காயையும் ஏழு மில்லிமீட்டர் காயையும் பிரிக்கிற சல்லடையைப் பாருங்கள். வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவில் ஓடி ஓடி எரியும் சீரியல் பல்புச் சோடனைகளைப் பாருங்கள். சித்திரமும் அமைப்பும் ஒலியும் ஒளியும் ராத்திரியெல்லாம் ஒன்றாகக் கூடுவது நமக்குப் புதிதா? நம் பாட்டன் கண்ட திருவிழாவின் பேரன்தான் இந்தப் பைன்னாலே. உடுப்புத்தான் வேறு.

இதனால் அங்கே உள்ளதெல்லாம் உயர்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. போட்டோக்காரரோடு ஒரு முறை நானும் போனேன். சில அறைகளில் ஒன்றுமே இல்லை; அந்த ஒன்றுமில்லாததை விளக்கச் சுவரில் மூன்று முழம் இங்கிலீஷ் தொங்கியது. அதை எழுதியவருக்கே அர்த்தம் தெரியுமா என்பது சந்தேகம். நிர்வாகமும் நேர்த்தி என்று சொல்ல முடியாது. 2022-ல் டிசம்பர் 12-ந் தேதி திறக்க வேண்டிய விழாவை, ஊர் ஊராக ஜனங்கள் வந்து இறங்கிய பிறகு, 23-ந் தேதிக்குத் தள்ளிப் போட்டார்கள். அந்த விழாவுக்கு 'மக்கள் பைன்னாலே' என்று ஒரு செல்லப் பெயர் உண்டு. மக்கள் என்றால் அவர்களுக்குப் புரிகிற பாஷையில் இரண்டு வரி எழுதி வைக்க வேண்டாமா? மலைக்கு இந்தப் பக்கத்திலிருந்து வருகிறவனுக்காகத் தமிழிலும் இரண்டு வரி எழுதினால் சுவர் இடிந்தா விழும்? கடிந்துகொள்ள வேண்டியவற்றைக் கடிந்துகொள்வோம். ஆனால் நன்றாகப் பார்த்தவனே கடிந்துகொள்ளத் தகுதியுள்ளவன். போட்டோக்காரர் இந்தக் குறைகளை எல்லாம் என்னைவிடக் கடுமையாகச் சொல்வார். போகாதவர்கள்தான் வீட்டிலிருந்தபடியே பூராவும் மோசம் என்று தீர்ப்பு எழுதுகிறார்கள்.

கடைசியாக ஒரு கேள்வி பாக்கி. "இதனால் அவருக்கு என்ன பிரயோஜனம்?" வாசகர்களே, இந்தக் கேள்வியை யாரிடம் கேட்கிறார்கள், யாரிடம் கேட்பதில்லை என்று கவனித்திருக்கிறீர்களா? டாக்டர் டிஸம்பர் ஸீஸனுக்குச் சென்னை போனால் பிரயோஜனம் கேட்பதில்லை, ரஸிகர் என்கிறார்கள். எஸ்டேட் முதலாளி வெளிநாடு போய் மியூஸியம் பார்த்தால் கேட்பதில்லை, நாகரிகம் என்கிறார்கள். ஸ்டூடியோ வைத்துப் பிழைக்கிறவர் தம் சொந்தச் சம்பாத்தியத்தில் நான்கு நாள் கொச்சி போனால் மட்டும் கணக்கு வழக்கோடு காரணம் சொல்ல வேண்டும்.

பிரயோஜனம் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கொச்சிக்குப் போய் வந்த பிறகு அவர் எடுத்த படங்களை நான் பார்த்திருக்கிறேன். காய் பொறுக்கும் பெண்களின் கைகளை மட்டும் எடுத்தார். நகக் கண்ணில் ஏறிய பச்சை, விரல் நுனியின் வெடிப்பு, நடுவே ஒரு மெல்லிய மோதிரம். அந்தப் பெண்கள் ஸ்டூடியோவுக்கு வந்து, "இது என் கை, அது அவ கை" என்று அடையாளம் கண்டுபிடித்துச் சிரித்தார்கள். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் வீட்டுப் பாயசத்துக்கு வாசனை சேர்த்த கைகளை முதன்முதலாக ஒருவர் நின்று பார்த்திருக்கிறார். இதுவும் பிரயோஜனமில்லை என்றால், நான் எழுதிய நாவல்களையும் அதே குப்பையில் போடச் சம்மதிக்கிறேன்.

அந்தப் பெண்ணுக்கு இன்னும் இடம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் அப்பா 2025 டிசம்பரில் தொடங்கிய ஆறாவது விழாவுக்கும் போய் வந்தார். அவள்தான் அவருக்குப் பையில் துணி எடுத்து வைத்து அனுப்பினாள். நாளைக்கே இன்னொரு மாப்பிள்ளை வீட்டார் என்னிடம் விசாரிக்க வரக்கூடும். வரட்டும். காப்பி கொடுப்பேன். "பெண்ணின் அப்பாவுக்குக் கிறுக்காமே?" என்று கேட்டால், இந்தத் தடவை சாமர்த்தியம் செய்ய மாட்டேன்.

"ஐயா, அவர் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு வாழ்கிற மனிதர். அழகாக ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டால் மலை ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். அப்படிப்பட்டவர் வீட்டில் சம்பந்தம் வைத்துக்கொள்ள உங்களுக்குத் தகுதி உண்டா என்று அவர் உங்களைப் பற்றி என்னிடம் விசாரிக்கச் சொல்லியிருக்கிறார். உங்கள் வீட்டில் யாராவது, எதையாவது, லாபமில்லாமல் ரஸிப்பதுண்டா?" என்று திருப்பிக் கேட்கப் போகிறேன்.

அவர்கள் என்ன பதில் சொல்கிறார்களோ, அதைப் பார்த்துக்கொண்டு மேற்கொண்டு ஜாதகம் பேசுவோம்.